தலையாட்ட மறுத்தவர்

நாடு ஓடும்போது நடுவில் ஓடு என்பது சாமானியர்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. பொருளாதார நிபுணர்களுக்கு அது தேவையில்லை என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. அவர்களிடம் புள்ளிவிவரம் இருக்கிறது, சூத்திரம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன? ஆனால் சுதந்திர இந்தியாவின் பொருளாதார வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே உண்மை தெரிந்துவிடும். அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் பல சமயம் பேனாவையே திறக்கிறார்கள்.

திரும்பிப் பார்க்காமல் பேனாவைத் திறந்தவர்களில் ஒருவர் பெல்லிக்கோத் ரகுநாத் ஷெனாய். 1905-ல் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் படித்தவர். ரிசர்வ் வங்கியில் பணியாற்றியவர். 1950-களின் நடுவில் அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பணம், வங்கி, விலைவாசி ஆகியவை பற்றி அவருக்குத் தெரியாது என்று அவரது எதிரிகள்கூடச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் சொன்னதை 1955-ல் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. நேருவின் நம்பிக்கைக்குரிய பிரசந்த சந்திர மஹலனோபிஸ் அதன் முன்வரைவை எழுதியிருந்தார். இயற்பியல் படித்து, புள்ளியியலில் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவரது வாதம் எளிமையானது, கவர்ச்சியானது. துணியையும் செருப்பையும் செய்வதற்கு முன் அவற்றைச் செய்யும் இயந்திரங்களைச் செய்ய வேண்டும். அதற்கும் முன் அந்த இயந்திரங்களுக்கான எஃகு வேண்டும். எனவே முதலீட்டில் பெரும்பங்கு கனரகத் தொழில்களுக்குப் போகட்டும், இன்றைய வயிற்றைக் கொஞ்சம் கட்டினால் நாளைய வளர்ச்சி வேகம் எடுக்கும். கல்கத்தாவில் அவர் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அந்த நாட்களில் உலகத்தின் பெரிய பொருளாதார மூளைகள் எல்லாம் வந்து போயின. நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ், ஹாலந்தின் யான் டின்பெர்கன், போலந்தின் ஆஸ்கர் லாங்கே. கழகத்தின் காற்றிலேயே திட்டமிடல் கலந்திருந்தது.

முன்வரைவைப் பரிசீலிக்க நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமையில் பொருளாதார நிபுணர்கள் குழு ஒன்று அமைந்தது. சுமார் இருபது பேர். டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் போன்ற ஜாம்பவான்கள் அதில் இருந்தார்கள். யாருமே அரசின் கைப்பாவைகள் அல்ல. சொந்தமாகச் சிந்திக்கத் தெரிந்தவர்கள், மாணவர்கள் மத்தியில் பெரிய மதிப்புக் கொண்டவர்கள். அவர்கள் சில்லறைத் திருத்தங்களோடு திட்டத்தின் அளவையும் திசையையும் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ளாதவர் ஒரே ஒருவர். ஷெனாய் தனியாக ஒரு மறுப்புக் குறிப்பு எழுதி அறிக்கையோடு சேர்க்கக் கொடுத்தார்.

அந்தக் குறிப்பில் வாய்ச்சவடால் எதுவும் இல்லை. ஒரு குடும்பத் தலைவன் மாதச் செலவுக்குக் கணக்குப் போடுவதைப் போலத்தான் அவர் கணக்குப் போட்டார். நாட்டின் சேமிப்பு இவ்வளவு, வெளியிலிருந்து வரக்கூடிய உதவி இவ்வளவு, திட்டம் கேட்பதோ அதைவிடப் பெரிய தொகை. இடைவெளியை நோட்டு அச்சடித்து நிரப்பப் பார்த்தால் விலைவாசி ஏறும். ஏறும் விலையைப் பிடித்து வைக்கக் கட்டுப்பாடுகள் வரும். கட்டுப்பாடுகளைக் காப்பாற்ற மேலும் கட்டுப்பாடுகள் வரும். மக்களில் பெரும்பாலோர் அரைவயிற்றுக் கோட்டில் வாழும் ஒரு ஜனநாயக நாட்டில் கட்டுக்கடங்காத பணவீக்கம் வெடிமருந்துக்குச் சமம் என்றும் அவர் எச்சரித்தார். தேசியமயமாக்கலை விரிவுபடுத்துவதையும் அவர் எதிர்த்தார். திட்டத்தின் அளவைச் சேமிப்பின் அளவுக்கு வெட்டுங்கள் என்பதுதான் அவரது கோரிக்கையின் சாரம்.

திட்டம் வெட்டப்படவில்லை. பொதுத்துறைக்கு 4,800 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அதில் 1,200 கோடி ரூபாய் பற்றாக்குறை நிதி, அதாவது பெரும்பாலும் புதுப்பணம். 1956-ல் திட்டம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கிச் சட்டமும் திருத்தப்பட்டது. புழக்கத்தில் விடும் நோட்டுக்கு இத்தனை சதவீதம் தங்கமும் அந்நியக் கடன் பத்திரமும் கையில் இருக்க வேண்டும் என்ற பழைய விதி போயிற்று. அதற்குப் பதில் 400 கோடி ரூபாய் அந்நியப் பத்திரமும் 115 கோடி ரூபாய் தங்கமும் இருந்தால் போதும் என்று வந்தது. ஒரே வருடத்தில் அந்தக் கயிறும் இறுக்கமாகத் தோன்றியது. 1957-ல் இரண்டும் சேர்த்து 200 கோடி இருந்தால் போதும் என்று மீண்டும் தளர்த்தினார்கள். கயிற்றை இரண்டு முறை அவிழ்த்ததிலிருந்தே கஜானாவின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இறக்குமதிக்கு டாலரும் ஸ்டெர்லிங்கும் கரைந்துகொண்டிருந்தன. அப்போது நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957-ல் இறக்குமதிகளை நெருக்கிப் பிடித்தார், வெளிநாடுகளில் உதவி தேடிப் பயணம் போனார். 1958-ல் உலக வங்கியின் ஏற்பாட்டில் இந்தியாவுக்குக் கடன் கொடுக்கும் நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. திட்டத்தின் அளவு 4,500 கோடியாகச் சுருக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் மொத்த விலைவாசி சுமார் 30 சதவீதம் ஏறியது. லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று கட்டுப்பாடுகள் கிளை பரப்பின. 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ‘லைசென்ஸ் பர்மிட் ராஜ்’ என்று கேலி செய்தபோது, அகமதாபாத் பேராசிரியர் நாலு வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்த விஷயம் அரசியல் மேடைக்கு வந்து சேர்ந்திருந்தது.

இப்படிச் சொன்னால் ஏதோ இருபது முட்டாள்களுக்கு நடுவில் ஒரு புத்திசாலி என்பதுபோலத் தோன்றும். அது நியாயமல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி அரை நூற்றாண்டில் நகராமல் கிடந்த பொருளாதாரம் நேருவின் காலத்தில் ஆண்டுக்கு 4 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகள் வந்தது அந்தத் திட்டத்தில்தான். ஏழை நாடுகள் ஏற்றுமதியை நம்பிப் பிழைக்க முடியாது என்பது அன்று உலகெங்கும் பொருளாதாரம் படித்தவர்களில் பலர் ஏற்றுக்கொண்டிருந்த கருத்து. சந்தையை அவ்வளவு நம்பிய ஷெனாயிடமும் குறைகள் இருந்தன. அரசு கை வைக்காவிட்டால் பள்ளியும் அணையும் தானாக முளைத்துவிடுமா என்ற கேள்விக்கு அவரிடம் திருப்தியான விடை இல்லை என்று கருதியவர்கள் உண்டு.

எனவே முக்கியமான கேள்வி, ஷெனாய் சொன்னது சரியா தவறா என்பதல்ல. இருபது பேர் கொண்ட சபையில் சேமிப்புக்கு மேல் செலவு செய்யலாமா என்ற அடிப்படைச் சந்தேகம் ஒரே ஒருவருக்குத்தான் வந்ததா? அல்லது பலருக்கும் வந்து, ஒருவர் மட்டும் வாய் திறந்தாரா?

சபையின் மனநிலையைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தின் உணர்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். சுதந்திரம் கிடைத்து எட்டு வருடம். திட்டமிடல் என்பது வெறும் கொள்கையல்ல, தேசபக்தியின் ஒரு வடிவம். அதைச் சந்தேகிப்பவன் ஏழைகளுக்கு எதிரி, அல்லது பம்பாய் முதலாளிகளின் ஆள், அல்லது அமெரிக்காவின் ஆள். அதே 1955-ல் இந்தியா வந்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்த மில்டன் ஃபிரீட்மனும் ஏறக்குறைய ஷெனாயின் பக்கம்தான் பேசினார். அது அச்சாகி வெளிச்சத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. பம்பாயில் சி.என். வகீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும் 1956-ல் வேறு ஒரு மாற்றை முன்வைத்தார்கள். உழைப்பாளிக்கு வேண்டிய உணவுக்கும் துணிக்கும் முதலிடம் கொடுங்கள், எஃகு பின்னால் வரட்டும் என்றார்கள். இன்னொரு கோடியில், தஞ்சாவூரில் பிறந்த காந்தியவாதி ஜே.சி. குமரப்பா கிராமத் தொழிலைக் கொன்றுவிட்டுக் கட்டும் ஆலை எதற்கு என்று வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆக மாற்றுக் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. அவை மையத்துக்குள் நுழையத்தான் வழியில்லை.

அந்த நாட்களிலேயே அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு எளிய பரிசோதனை நடத்தினார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். இவற்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம்? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஆஷ் செட்டப் செய்த ஆட்கள். வேண்டுமென்றே ஒரே மாதிரி தப்பான விடையைச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் தவறோடு ஒத்துப்போயின. நாலு பேரில் மூன்று பேர் ஒரு முறையாவது வளைந்து கொடுத்தார்கள். ஒரே ஒரு கூட்டாளி உண்மையைச் சொன்னால் போதும், வளைவது வெகுவாகக் குறைந்தது. கண்ணுக்கு நேரே தெரியும் கோட்டுக்கே இந்தக் கதி. கண்ணுக்குத் தெரியாத பணவீக்கத்துக்கும் எதிர்கால வளர்ச்சிக்கும் என்ன கதி? ஷெனாய்க்கு அந்த அறையில் ஒரு கூட்டாளிகூடக் கிடைக்கவில்லை.

நிபுணர்கள் மீது இந்த நிர்பந்தம் கத்தியைக் காட்டி வருவதில்லை. ஆராய்ச்சி மாணவனின் தலைப்பை வழிகாட்டி தீர்மானிக்கிறார். வழிகாட்டியின் நண்பர் ஆய்வு இதழின் ஆசிரியர். இதழில் கட்டுரை வந்தால்தான் வேலை. வேலை நிலைத்தால்தான் அரசுக் கமிட்டிக்கு அழைப்பு, கருத்தரங்குக்கு விமான டிக்கெட், வெளிநாட்டு ஆலோசனை ஒப்பந்தம். இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் யாரையும் ‘இப்படிச் சொல்’ என்று மிரட்டுவதில்லை. எதைச் சொன்னால் புருவம் உயரும் என்பது முப்பது வயதுக்குள் தானாகவே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கேள்வி மனதில் எழுவதே இல்லை. தணிக்கை அதிகாரி வெளியே இல்லை, உள்ளே குடியேறிவிட்டார்.

ஷெனாய் சிறைக்குப் போகவில்லை, வேலையை இழக்கவில்லை. ஆனால் அரசுக்கு ஆலோசனை சொல்லும் வட்டத்தின் மையத்துக்கு அவர் கடைசிவரை வரவில்லை. வலதுசாரி என்ற முத்திரை குத்தியாயிற்று. அதற்குப் பிறகு வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய சிரமம் யாருக்கும் இல்லை. பொருளாதாரம் படித்த பல தலைமுறை இந்திய மாணவர்கள் மஹலனோபிஸ் மாதிரியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தார்கள். ஷெனாயின் பெயர் அடிக்குறிப்பில் வந்தால் அதிர்ஷ்டம். 1978-ல் அவர் காலமானார்.

அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1991 வந்தது. இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிச்சம். ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. ஏற்றுமதி பற்றிய இந்தியாவின் அவநம்பிக்கை ஆதாரமற்றது என்று 1964-லேயே புத்தகம் எழுதிய மன்மோகன் சிங் நிதியமைச்சராகக் கதவுகளைத் திறந்தார். காற்று திசை மாறியது. அதோடு கூட்டமும் திசை மாறியது. நேற்றுவரை திட்டமிடலின் அருமையைப் பாடியவர்களில் பலர் சந்தையின் அருமையைப் பாடினார்கள். சிலர் மனம் மாறியது உண்மையான அனுபவத்தால். ஜகதீஷ் பகவதி அப்படிப்பட்டவர். திட்டமிடல் பணியில் தாமே பங்கு கொண்டு, பின்னர் பத்மா தேசாயுடன் சேர்ந்து 1970-ல் லைசென்ஸ் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தவர். வேறு சிலருக்கோ ஒரு தலையாட்டலின் இடத்தில் இன்னொரு தலையாட்டல். தஞ்சாவூர் பொம்மையைத் தெற்கே பார்த்து வைத்தாலும் வடக்கே பார்த்து வைத்தாலும் அது ஆடத்தான் செய்யும்.

புதிய கூட்டத்திலும் கேட்கக் கூடாத கேள்விகள் இருந்தன. 1990-களில் அவற்றில் பெரியது அந்நிய மூலதனம் பற்றியது. சரக்கு வணிகத்தைத் திறந்துவிட்டதுபோல, பணம் எல்லை தாண்டிப் போவதையும் வருவதையும் முழுக்கத் திறந்துவிடுவதுதான் முன்னேற்றம் என்பது வாஷிங்டனின் வேதவாக்கு. இந்தியாவிலும் 1997-ல் எஸ்.எஸ். தாராபூர் கமிட்டி, சில நிபந்தனைகளோடு, 2000-க்குள் ரூபாயை மூலதனக் கணக்கிலும் மாற்றத்தக்கதாக்கலாம் என்று கால அட்டவணை போட்டுக் கொடுத்தது. சில வாரங்களிலேயே, அதாவது ஜூலையில், தாய்லாந்தின் பாட் சரிந்தது. இந்தோனேசியா, தென் கொரியா என்று தீ பரவியது.

அடுத்த ஆண்டு சொந்த முகாமுக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. அது சுதந்திர வர்த்தகத்தின் பெரிய வக்கீலான அதே பகவதியின் குரல். சரக்கு வணிகத்துக்குச் சொல்லும் வாதத்தை அப்படியே மூலதனத்துக்குப் பொருத்துவது தவறு என்று அவர் 1998-ல் எழுதினார். வால் ஸ்ட்ரீட்டும் அமெரிக்க நிதித்துறையும் பின்னிக்கிடப்பதே இந்த வேதவாக்குக்குக் காரணம் என்றும் சொன்னார். முகாமில் சிலருக்கு அது ரசிக்கவில்லை. ஆனால் 2012-ல் சர்வதேச நிதியமே, சில சூழ்நிலைகளில் மூலதன ஓட்டத்துக்கு அணை கட்டுவது பொருத்தமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஷெனாய் இடதுபக்கம் சாய்ந்த சபையில் தனியாக நின்றார். பகவதி வலதுபக்கம் சாய்ந்த சபையில். நிர்பந்தத்துக்குக் கட்சி வேறுபாடு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தப் பத்தாண்டு முடியும்போது இன்னொரு வேடிக்கை நடந்தது. சீர்திருத்தத்தால் வறுமை குறைந்ததா? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 1999-2000 கணக்கெடுப்பு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போர் 26 சதவீதம் என்று காட்டியது. 1993-94-ல் அது 36 சதவீதம். ஆனால் இடையில் கேள்வித்தாள் மாறியிருந்தது. முன்பெல்லாம் கடந்த 30 நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். இப்போது 30 நாள் கணக்கோடு 7 நாள் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். ஏழு நாள் என்றால் ஞாபகம் துல்லியமாக இருக்கும், சாப்பாட்டுக் கணக்கும் கூடுதலாக வரும். ஒன்றின் பதில் மற்றதைத் தொற்றிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட முடியாது.

ஒரு குடும்பத் தலைவிக்குப் பருப்புச் செலவு எத்தனை நாள் ஞாபகம் இருக்கும் என்பது அரசியல் கேள்வியே அல்ல. ஆனால் விவாதத்தில் ஒரு நிபுணர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை அவரது கணக்கைப் பார்க்காமலேயே பெரும்பாலும் ஊகித்துவிட முடிந்தது. தாராளமயத்தை விரும்பியவர்களுக்கு 26 சதவீதம் நம்பத்தக்கதாக இருந்தது. விரும்பாதவர்களுக்கு அது மோசடியாகத் தெரிந்தது. ஆங்கஸ் டீட்டன் போன்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்து திருத்திப் பார்த்தபோது கிடைத்த விடை இரு தரப்புக்கும் முழுத் திருப்தி தரவில்லை. வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அரசு எண் சொன்ன அளவுக்கு அல்ல. இப்படிப்பட்ட வறுமை எண்களை நம்பித்தான் எத்தனை குடும்பத்துக்கு மலிவு அரிசி, எத்தனை குடும்பத்துக்கு இல்லை என்று அந்த நாட்களில் முடிவானது. நிபுணரின் சார்பு ரேஷன் கடை வாசலில் வந்து நிற்கிறது.

உலக அளவிலும் இதே கதைதான். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் மத்திய வங்கியாளர்களின் மாநாடு. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானுக்கு ஒருவகை வழியனுப்பு விழா. அப்போது சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ரகுராம் ராஜன், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், கல்யாண வீட்டில் அபசகுனம் பேசியதுபோல ஒரு கட்டுரை வாசித்தார். நிதிச் சந்தையின் புதுமைகள் உலகத்தின் ஆபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கலாம் என்பது அவர் வாதம். லாபத்துக்கு போனஸ், நஷ்டத்துக்குத் தண்டனை இல்லை என்றால் மேலாளர்கள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளை வாங்கிக் குவிப்பார்கள் என்றார். அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ், இயந்திரத்தைக் கண்டு பயந்த பழங்காலத்தவர்களோடு அவரது பார்வையை ஒப்பிட்டார். மூன்று வருடத்தில் லேமன் பிரதர்ஸ் திவால். 2008 நவம்பரில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வந்த எலிசபெத் ராணி, இது வருவதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். மறு ஆண்டு பிரிட்டிஷ் அகாடமி சார்பில் ராணிக்கு ஒரு கடிதம் போயிற்று. புத்திசாலிகள் பலர் கூட்டாகக் கற்பனை இழந்துபோனதுதான் காரணம் என்ற ரீதியில் அதில் எழுதியிருந்தார்கள். ‘கூட்டாக’ என்ற சொல்தான் அதில் கவனிக்க வேண்டியது.

இதை அளந்தே பார்த்துவிடலாம் என்று மொஹ்சென் ஜவ்தானியும் ஹா-ஜூன் சாங்கும் முனைந்தார்கள். 19 நாடுகளைச் சேர்ந்த 2,425 பொருளாதார நிபுணர்களுக்குச் சில கருத்துகளை அனுப்பி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒரே வாசகத்தைச் சிலருக்குப் பிரதான நீரோட்டத்துப் பிரபலம் சொன்னதாகக் காட்டினார்கள். வேறு சிலருக்கு நீரோட்டத்துக்கு வெளியே உள்ளவர் சொன்னதாகக் காட்டினார்கள். இன்னும் சிலருக்குப் பெயரே இல்லை. வாசகம் மாறவில்லை, பெயர் மாறியதும் ஒப்புதல் குறைந்தது. பெயரை எடுத்துவிட்டாலும் குறைந்தது. இதில் ருசிகரமான செய்தி, பதில் சொன்னவர்களில் 82 சதவீதம் பேர், ஒரு கருத்தை அதன் உள்ளடக்கத்தை வைத்து மட்டுமே எடைபோட வேண்டும் என்று நம்புகிறவர்கள். சாங் தாமே நீரோட்டத்துக்கு வெளியே நிற்பவர், அதனால் அவருக்கும் ஒரு சார்பு இருக்கும் என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். அதுவும் இந்த ஆய்வுக்கு வலு சேர்க்கும் வாதம்தான்.

அப்படியானால் பொருளாதார நிபுணர்களையே தலைமுழுகிவிடலாமா? கூடாது. மருத்துவர்கள் தவறு செய்கிறார்கள் என்பதற்காக யாரும் மந்திரவாதியிடம் போவதில்லை. கொள்கைச் சார்பே இல்லாத பொருளாதாரம் என்று ஒன்று இல்லை என்பதை ஸ்வீடனின் குன்னார் மிர்தால் வெகு காலத்துக்கு முன்பே சொன்னார். அவர் சொன்ன வைத்தியம் எளியது. சார்பை மறைக்காதே, மேசைமேல் எடுத்து வை, பிறகு கணக்கைக் காட்டு. 1974-ல் நோபல் பரிசு கொடுத்தவர்கள் குறும்புக்காரர்கள் போலிருக்கிறது. மிர்தாலையும் அவருக்கு நேர் எதிர்முனையில் நின்ற ஃபிரீட்ரிஷ் ஹேயக்கையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். அந்த மேடையில் ஹேயக், பொருளாதாரத்தில் யாருக்கும் இருக்கக்கூடாத அதிகாரத்தை இந்தப் பரிசு ஒரு தனிமனிதனுக்குக் கொடுத்துவிடுகிறது என்று எச்சரித்தார். இரு துருவங்களும் ஒத்துப்போன ஒரு விஷயம், நிபுணனை அப்படியே நம்பிவிடாதே என்பது.

சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2008 நெருக்கடிக்குப் பிறகு, வங்கிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வங்கிகளைப் பற்றி ஆராய்ச்சி எழுதியவர்கள் அம்பலமானார்கள். அதன் விளைவாக அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2012-ல் தன் இதழ்களில் எழுதுவோர் பண உறவுகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 2016 முதல் வட்டி விகிதத்தை ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு தீர்மானிக்கிறது. ஆறு உறுப்பினர்கள். யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பது கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் பெயரோடு வெளியாகிறது. வெளி உறுப்பினராக இருந்த பேராசிரியர் ஜெயந்த் வர்மா 2020-க்கும் 2024-க்கும் இடையில் பல கூட்டங்களில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை. அவர் எழுதிய காரணங்களை இன்று யாரும் எடுத்துப் படிக்கலாம். அவர் சொன்னதெல்லாம் சரியா என்பது வேறு விஷயம். மாறுபடுவது அங்கே ஒழுங்கீனமாகக் கருதப்படவில்லை, வேலையின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது.

ஷெனாய் தம் குறிப்பை எழுதியபோது அவருக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு கிடையாது. அவர் அங்கம் வகித்த குழுவும் இல்லை, அந்தக் குழு யாருக்காகக் கூடியதோ அந்தத் திட்டக் கமிஷனும் 2014-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர் விட்டுப்போன காகிதத்தால் ஒரு காரியம் நடந்திருக்கிறது. 1955-ல் நிபுணர்கள் எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள் என்று இனி யாராலும் எழுத முடியாது. அடுத்த முறை பட்ஜெட்டையோ புதிய திட்டத்தையோ பொருளாதார மேதைகள் ஏகமனதாக வரவேற்றார்கள் என்ற செய்தி கண்ணில் படும்போது, வரவேற்காதவர் யார், அவர் என்ன காரணம் சொன்னார் என்று தேடிப் பார்ப்பது நல்லது. கணக்கு தப்பிப் போனால் விலை கொடுப்பது மேதைகள் அல்ல, மாதக் கடைசியில் மளிகைக் கடைக்குப் போகிறவர்கள்.